தோற்றவர் திரும்பி வர வழி உண்டா? ஜனநாயகமும் நிலைத்தன்மையும்: பாக் நீரிணையின் இரு கரைகள்

1958 ஏப்ரல் 9ஆம் தேதி, கொழும்பு ரோஸ்மீட் பிளேசில் பிரதமர் பண்டாரநாயக்காவின் வீட்டு வாசலில் புத்த பிக்குகள் திரண்டு வந்து உட்கார்ந்துகொண்டார்கள். முந்தைய ஆண்டு ஜூலையில் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துடன் அவர் போட்ட ஒப்பந்தத்தைக் கைவிட வேண்டும் என்பது கோரிக்கை. வாயால் சொன்னால் போதாது, எழுதித் தர வேண்டும் என்றார்கள். எழுதித் தந்தார். அடுத்த மாதமே தமிழர்கள் மீதான கலவரம் வெடித்தது.

1965 பிப்ரவரி 11ஆம் தேதி, தில்லி. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழகம் இரண்டு வாரமாகக் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மத்திய அமைச்சர்களாக இருந்த சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கடிதங்களை ஏற்கும்படி குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார், ராதாகிருஷ்ணன் ஏற்கவில்லை. அன்றிரவு சாஸ்திரி வானொலியில் பேசினார். இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு கொடுத்த வாக்கு காப்பாற்றப்படும் என்றார்.

இருவரும் தேர்தல் வழியாக வந்த பிரதமர்கள். இருவரையும் நெருக்கியது மொழிச் சிக்கல், இருவருக்கும் எதிரே தெருவில் கூட்டம். அதன்பின் ஒரு நாடு இரண்டு ஆயுதக் கிளர்ச்சிகளையும் 26 ஆண்டு உள்நாட்டுப் போரையும் கண்டது. மற்றதில், சில ஆண்டுகளுக்கு முன்புவரை தனிநாடு கேட்டிருந்த கட்சி இரண்டே ஆண்டுகளில் ஜார்ஜ் கோட்டையில் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தது. ஜனநாயகம் ஒரு சமூகத்தை நிலையாக வைத்திருக்குமா என்ற கேள்விக்கு, இந்த இரண்டு நாட்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் நமக்குக் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

முதலில் 'நிலையான' என்ற சொல்லைக் கொஞ்சம் உதறிப் பார்க்க வேண்டும். டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் "சிங்கப்பூரைப் பாருங்க சார்" என்பார். சிங்கப்பூரிலும் தேர்தல் நடக்கிறது. 1959 முதல் ஒரே கட்சி ஜெயிக்கிறது. ஆட்சி மாறாமல் இருப்பதைத்தான் நிலைத்தன்மை என்கிறோம் என்றால் லிபியாவைப் போல நிலையான நாடு கிடையாது. கடாபி 42 ஆண்டுகள் அசையாமல் இருந்தார். 2011இல் அவர் போனதும் நாடும் துண்டாகிப் போனது. அதுவரை அங்கே இருந்தது அமைதியா, வெறும் சத்தமில்லாமையா?

நம் ஊர் ஏரிகளில் கலங்கல் என்று ஒன்று வைத்திருப்பார்கள். நீர் ஒரு மட்டத்துக்கு மேல் போனால் வழிந்து ஓடிவிடும். ஐப்பசியில் கலங்கல் பாயும் ஓசை அரை மைல் கேட்கும். ஆனால் கரை தப்பிக்கும். கலங்கல் இல்லாத ஏரி பார்க்க அமைதியாகத்தான் இருக்கும், கரை உடையும் இரவு வரை. ஜனநாயகத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தின் சாரம் இதுதான்: ஊர்வலம், மறியல், ஆட்சி மாற்றம் எல்லாம் வழியும் நீர்; கரை உடையாமல் இருக்கக் கொடுக்கும் விலை.

வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. இலங்கையை வைத்துச் சோதித்தால்தான் இடறுகிறது.

ஆசியாவில் ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை முதலில் வந்தது அங்கேதான், 1931இல். இந்தியாவில் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது இலங்கைக்காரர்களுக்கு வாக்களித்து இருபது வருடப் பழக்கம். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததே இல்லை. 1962 ஜனவரியில் சில அதிகாரிகள் போட்ட சதித்திட்டம் தொடங்கும் முன்பே பிடிபட்டது. 1956 முதல் 1977 வரை நடந்த ஆறு பொதுத்தேர்தல்களிலும் ஆண்டவர்கள் தோற்றார்கள், ஒருவர் விடாமல் நாற்காலியை விட்டு இறங்கினார்கள். பாடப்புத்தகத்தில் போடத்தக்க ஜனநாயகம். அதே இருபது ஆண்டுகளில்தான் அந்தச் சமூகம் நடுவில் பிளந்தது.

எப்படி? 1956இல் பண்டாரநாயக்கா தலைமையிலான கூட்டணி 'சிங்களம் மட்டும்' என்ற முழக்கத்தோடு 95 இடங்களில் 51ஐப் பிடித்தது. ஆண்டுகொண்டிருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 8. ஜூன் மாதம் மொழிச் சட்டம் வந்தது. எதிர்த்துக் காலிமுகத் திடலில் உட்கார்ந்த தமிழ்த் தலைவர்கள் அடிக்கப்பட்டார்கள். ஆனால் பண்டாரநாயக்காவுக்கு ஆபத்து புரிந்திருந்தது. அடுத்த ஆண்டே செல்வநாயகத்தை அழைத்துப் பேசினார். பிராந்திய சபைகள், அவற்றுக்கு நிலம், கல்வி போன்ற துறைகளில் அதிகாரம், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம். இன்று படித்தால் ஒரு மாவட்டப் பஞ்சாயத்துக்குக் கொஞ்சம் மேலே என்று தோன்றும் அளவுக்கு எளிய ஒப்பந்தம்.

அதைத் தோற்கடித்தவர்கள் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எட்டு இடங்களோடு மூலையில் கிடந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு மீண்டு எழ ஒரு காரணம் தேவைப்பட்டது. ஜே. ஆர். ஜெயவர்தனா ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பினார். பிக்குகளின் மறியல் பிறகு வந்தது. சரி, எதிர்க்கட்சி அப்படித்தான் செய்யும் என்று விட்டுவிடலாம். 1965இல் அதே ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது, டட்லி சேனநாயக்கா செல்வநாயகத்தோடு இன்னொரு ஒப்பந்தம் போட்டார். இம்முறை மாவட்ட சபைகள். இப்போது எதிர்த்துக் கிளம்பியது பண்டாரநாயக்காவின் சுதந்திரக் கட்சி. அந்த ஒப்பந்தமும் செத்தது.

இரண்டு பெரிய கட்சிகளும் ஆளும்போது சமரசத்தின் அவசியத்தை உணர்ந்தன. எதிர்வரிசைக்குப் போனதும் அதையே காட்டிக்கொடுப்பு என்றன. சிங்களர் மக்கள்தொகையில் சுமார் 70 விழுக்காடு. அந்த 70க்குள் ஜெயித்தால் போதும், தமிழன் வாக்கு தேவையில்லை. ஏலக்கூடத்தில் விலை ஏறுவதுபோல ஒருவர் கேட்டதற்கு மேல் இன்னொருவர் கேட்டுக்கொண்டே போனார்கள். கெடுத்தது ஜனநாயகத்தின் குறைபாடு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கட்சிப் போட்டி என்ற அதன் இதயப் பகுதி நன்றாகத் துடித்ததால் வந்த வினை இது. பண்டாரநாயக்காவே மிச்சமிருக்கவில்லை, 1959 செப்டம்பரில், பிக்குகள் உட்கார்ந்திருந்த அதே வீட்டில், ஒரு பிக்குவின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்.

இதற்கெல்லாம் முன்பே ஒரு காரியம் நடந்திருந்தது. 1947 தேர்தலில் மலையகத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. 1948, 1949 குடியுரிமைச் சட்டங்கள் பல லட்சம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கி வாக்குரிமையைப் பறித்தன. 1952இல் அவர்களுக்கு ஓர் இடமும் இல்லை. யார் யாரெல்லாம் 'மக்கள்' என்பதைப் பெரும்பான்மை வாக்கெடுத்து முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் தேட வேண்டியதில்லை.

இக்கரைக்கு வருவோம். தி.மு.க. 1949இல் தொடங்கியபோது திராவிட நாடு என்பது அதன் கொள்கை. தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்பதில் அதற்கே தயக்கம் இருந்தது. 1956 திருச்சி மாநாட்டுக்கு வந்தவர்களிடம் வாக்குப்பெட்டி வைத்துக் கேட்டார்கள்; நிற்கலாம் என்றது பெட்டி. தனிநாடு கேட்கும் கட்சி, இருக்கும் நாட்டின் சட்டமன்றத்துக்குப் போவதா என்று வாக்கெடுப்பு நடத்துகிறது! எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த காட்சி இது. 1957இல் 15 சட்டமன்ற உறுப்பினர்கள். 1959இல் சென்னை மாநகராட்சி. 1962இல் 50 பேர். அண்ணா அந்தத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் தோற்றார்; மாநிலங்களவைக்குப் போய் அங்கே நின்று சுயநிர்ணய உரிமை கேட்டார். யாரும் அவரைப் பிடித்து வெளியே தள்ளவில்லை.

ஒவ்வொரு படியிலும் கையில் ஏதோ ஒன்று கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். மாநகராட்சி என்றால் குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு, டெண்டர். சட்டமன்ற உறுப்பினர் என்றால் தாசில்தார் எழுந்து நிற்பார். கொள்கைக்காக வந்த இளைஞனுக்கு வார்டு, வட்டம், மாவட்டம் என்று ஏணி தெரிகிறது. அரசியலில் இதையெல்லாம் கேவலமாகப் பேசுவது நமக்குப் பழக்கம். ஆனால் துப்பாக்கி தூக்கியிருக்கக்கூடிய ஒரு தலைமுறையை மேடையிலும் கட்சி அலுவலகத்திலும் கட்டிப்போட்டது இந்த ஏணிதான்.

1965ஐ இனிமையாக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கீழப்பழுவூர் சின்னசாமி முந்தைய ஆண்டே திருச்சியில் தீக்குளித்திருந்தார். ஜனவரி 26க்குப் பிறகு இன்னும் பலர். போலீஸ் சுட்டது, ராணுவம் வந்தது, அரசுக் கணக்குப்படியே சுமார் 70 பேர் இறந்தார்கள். அந்த மாணவர்களில் ஒரு பகுதியினர் காட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை, ஏனென்றால் தேர்தலுக்கு இரண்டு வருடம்தான் இருந்தது. 1967இல் விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரை 1,285 வாக்குகளில் தோற்கடித்தார். முதல்வர் பக்தவத்சலமும் தோற்றார். காங்கிரஸ் இன்றுவரை கோட்டைக்குத் திரும்பவில்லை. அடுத்த ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம். அதற்கடுத்த பொங்கலுக்கு மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு.

இலங்கையில் தமிழரசுக் கட்சிக்கு இதில் எது கிடைத்தது? வடக்கில் தேர்தலுக்குத் தேர்தல் அள்ளிக்கொண்டு ஜெயித்தது. ஜெயித்து என்ன? ஆள்வதற்கு ஒரு மாநிலம் இல்லை. கொழும்பில் கூட்டணிக்குத் தேவைப்படும்போது பேச்சுவார்த்தை, தேவை தீர்ந்ததும் கைகழுவல். 1972 அரசியலமைப்பு, சிறுபான்மையினருக்கு எதிரான பாகுபாட்டுச் சட்டங்களைத் தடுத்த பழைய 29ஆம் பிரிவையும் தூக்கிவிட்டது. அதை வரைந்தவர் கொல்வின் ஆர். டி. சில்வா. ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று 1956இல் நாடாளுமன்றத்தில் எச்சரித்தாரே, அவரேதான்.

அதற்குப் பதிலாகச் செல்வநாயகம் செய்ததும் ஜனநாயக முறைதான். 1972 அக்டோபரில் காங்கேசன்துறைத் தொகுதி உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்தார். இந்த அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று இடைத்தேர்தலில் பார்ப்போம் என்றார். அரசு தேர்தலை வைக்கவில்லை. ஒரு வருடம் போனது, இரண்டு வருடம் போனது. 1975 பிப்ரவரியில்தான் நடத்தினார்கள். அவர் பெரும் வித்தியாசத்தில் வென்றார், ஒன்றும் மாறவில்லை. ஐந்தே மாதத்தில் யாழ்ப்பாண மேயர் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு தனித் தமிழீழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். பெரியவர் வாக்குப்பெட்டிக்காகக் காத்துக்கொண்டிருந்த அந்த இரண்டரை வருடத்தில், பையன்கள் வேறு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

இரண்டு கரைகளையும் ஒப்பிட இன்னொரு கூர்மையான இடம் உண்டு. 1963இல் இந்தியா அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. வேட்பாளரும் உறுப்பினரும் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். தி.மு.க.வைக் குறிவைத்த சட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். 1983 ஆகஸ்டில் இலங்கை கொண்டுவந்த 6ஆவது திருத்தமும் அதே ஜாதி: தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று உறுதிமொழி. இக்கரையில் அண்ணா பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டார், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டே. நான்கு வருடத்தில் முதல்வர். அக்கரையில், தமிழரசுக் கட்சியும் சேர்ந்து அமைத்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் உறுதிமொழி எடுக்க மறுத்து இடங்களை இழந்தார்கள். 1977 முதல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அமிர்தலிங்கம் ஒரே வீச்சில் நாடாளுமன்றத்துக்கு வெளியே. தமிழர்கள் மீதான ஜூலைக் கலவரத்தின் சாம்பல் ஆறாத மாதம் அது.

ஒரே மாதிரிச் சட்டம் ஒரு கட்சியை உள்ளே இழுத்தது, இன்னொன்றை வெளியே எறிந்தது. அண்ணா உறுதிமொழி எடுத்தால் பெறுவதற்கு ஒரு மாநிலம் காத்திருந்தது. அமிர்தலிங்கம் எடுத்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது என்ன? 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு நிற்கத்தான் செய்தார்கள். அந்தத் தேர்தல் வாரத்தில்தான் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, சுமார் 97,000 நூல்களோடு.

சிங்களர் பக்கமும் அடைப்பு விழுந்ததை மறந்துவிடக் கூடாது. 1977இல் சுமார் 51 விழுக்காடு வாக்கு வாங்கி 168இல் 140 இடங்களைப் பெற்ற ஜெயவர்தனா, அந்தப் பெரும்பான்மையை இழக்க மனமில்லாமல் 1982 டிசம்பரில் தேர்தலுக்குப் பதில் ஒரு பொது வாக்கெடுப்பு வைத்தார். நாடாளுமன்றத்தை ஆறு வருடம் நீட்டிக்கலாம் என்றால் விளக்குச் சின்னம், கூடாது என்றால் குடம். விளக்கு ஜெயித்தது. 1977 ஜூலையில் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றமே 1988 டிசம்பர் வரை உட்கார்ந்திருந்தது. நூலகம், கறுப்பு ஜூலை எனப்பட்ட அந்தக் கலவரம், போரின் தொடக்கம், சிங்கள இளைஞர்களின் இடதுசாரிக் கட்சியான, தடைசெய்யப்பட்ட ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சியின் தொடக்கம் எல்லாம் அந்தப் பதினொரு வருடத்துக்குள் அடங்கும். கலங்கலை அடைத்துவிட்டுக் கரையைக் குற்றம் சொல்ல முடியாது.

இதையெல்லாம் வைத்து இந்திய ஜனநாயகத்துக்கு மாலை போட நான் தயாராக இல்லை. அதே அரசியலமைப்பு, அதே தேர்தல் ஆணையம் இருந்த நாட்டில்தான் 1987 காஷ்மீர் தேர்தல் நடந்தது. முடிவுகளில் மோசடி என்ற குற்றச்சாட்டு பள்ளத்தாக்கு முழுவதும் எழுந்தது. ஸ்ரீநகர் அமிரா கடல் தொகுதியில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட வேட்பாளர் யூசுப் ஷா சிறைக்குப் போனார். பின்னாளில் சையத் சலாவுதீன் என்ற பெயரில் ஹிஸ்புல் முஜாஹிதீன் தலைவரானார். 1965இன் மாணவனுக்கு 1967 கிடைத்தது, 1987இன் வேட்பாளருக்கு எதுவும் கிடைக்கவில்லை. நாகாலாந்து, பஞ்சாப் கதைகள் வேறு. தமிழ்நாட்டு அரசுகளையே 1976, 1980, 1991 என்று தில்லி கலைத்திருக்கிறது.

பாகிஸ்தான் இன்னும் வெளிப்படையான உதாரணம். 1970 டிசம்பரில் நடந்த அதன் முதல் பொதுத்தேர்தலில் கிழக்கின் 162 பொது இடங்களில் 160ஐ அவாமி லீக் வென்றது. நாடு முழுவதையும் ஆளப் போதுமான பெரும்பான்மை. ஆட்சியைக் கொடுக்கவில்லை, மார்ச்சில் ராணுவம் இறங்கியது, ஆண்டு முடிவதற்குள் வங்கதேசம் பிறந்தது. தேர்தல் வைத்ததால் நாடு உடைந்தது என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வைத்த தேர்தலை மதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்கள் யோசிப்பதில்லை.

முழுச் சர்வாதிகாரமும் முழு ஜனநாயகமும் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன, நடுவில் கிடக்கும் அரைகுறைகள்தான் உள்நாட்டுப் போருக்கு எளிதில் இரையாகின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எது அரைகுறை என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே தகராறு. எனக்கு இலங்கை அந்தப் பெட்டிகளில் எதிலும் சரியாக அடங்கவில்லை. 1956இன் இலங்கை அரைகுறை ஜனநாயகம் கிடையாது. அங்கே தோற்ற சிங்களக் கட்சிக்கு ஐந்து வருடத்தில் திரும்பி வர வழி இருந்தது. தோற்ற தமிழ்க் கட்சிக்கு எத்தனை வருடம் காத்திருந்தாலும் இல்லை. ஒரே தேர்தல், ஒரே வாக்குச்சீட்டு, ஆனால் ஒரு சாராருக்கு மட்டும் அது எப்போதும் செல்லாத நோட்டு.

திரும்பி வர முடியும் என்ற நம்பிக்கை என்ன செய்யும் என்பதை நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1991இல் தி.மு.க. 2 இடங்களில் வென்றது. கதை முடிந்தது என்றார்கள். 1996இல் ஆட்சி. அந்த 1996இல் அ.தி.மு.க. 4 இடங்கள், ஜெயலலிதா பர்கூரிலேயே தோல்வி. அந்த மே மாதம் வாக்கு எண்ணிக்கையன்று எங்கள் தெருமுனையில் இரட்டை இலை வரைந்த சுவருக்கு அடியில் ஒருவர் பீடி பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "அஞ்சு வருசம்தானே" என்றார். 2001இல் அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. தோல்வியை ஐந்து வருடத் தவணையாகப் பார்க்கத் தெரிந்த சமூகம் அது.

எண்ணிக்கையின் தயவும் இதில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இந்தியாவில் இந்தி பேசுபவர்கள் பாதிக்கும் குறைவு. சாஸ்திரிக்குத் தமிழகத்தின் மனசு மட்டும் பிரச்சினையாக இருக்கவில்லை. வங்கம், ஆந்திரம், மைசூர் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. பண்டாரநாயக்காவுக்கு அப்படி யாரும் இல்லை. அவர் இடத்தில் சாஸ்திரி இருந்திருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பாரோ என்னவோ.

இலங்கை இப்போது ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது. 2022 ஜூலையில் மக்கள் கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடினார். அப்போதும் ராணுவம் நாற்காலியில் உட்காரவில்லை. நாடாளுமன்றம் அரசியலமைப்புப்படி வாக்களித்து அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு வருடம் கழித்து, இரண்டு முறை ஆயுதம் எடுத்து இரண்டு முறையும் ரத்தத்தில் நசுக்கப்பட்ட ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க வாக்குச்சீட்டால் ஜனாதிபதி ஆனார். 2019இல் அவர் வாங்கியது 3 விழுக்காடு. பெரும்பான்மைக்குள் கலங்கல் வேலை செய்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2024 நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159ஐப் பிடித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றும் அதற்குத்தான். கொழும்புப் பத்திரிகைகள் பல இதை ஒரு புதிய தொடக்கம் என்று எழுதின. வடக்கு மாகாண சபை, 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் பிறந்தது, முதல் தேர்தலைக் கண்டது 2013இல். அதன் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் இதை எழுதும் வரை நடக்கவில்லை. கைதடியில் சபைக் கட்டடம் இருக்கிறது, உறுப்பினர்கள் இல்லை.